எண்ணூரில் விருந்தாளி, வடக்கே குடும்பஸ்தன்

விராலடிப்பான் அக்டோபர் வாக்கில் எண்ணூர்க் கழிக்கும் பழவேற்காடு ஏரிக்கும் வந்து சேர்கிறது. மார்ச், ஏப்ரலில் கிளம்பிவிடுகிறது. இங்கே இருக்கும் ஆறு மாதமும் அதற்குக் கூடும் கிடையாது, குஞ்சும் கிடையாது. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துப் பக்கம், தண்ணீரில் நட்ட மூங்கிலின் மேலோ மின்கோபுரத்தின் மேலோ தனியாக உட்கார்ந்திருக்கும். முதுகு கரும்பழுப்பு, வயிறு வெள்ளை, கண்ணை ஒட்டி ஒரு கறுப்புப் பட்டை. வடசென்னையின் காசிமேட்டிலும் டோல்கேட்டிலும் நாள் முழுக்க வட்டமிடும் பருந்துகளோடு சேர்த்து இதையும் இன்னொரு பருந்து என்று விட்டுவிடுகிறவர்களே அதிகம். ஆனால் பருந்து மீன்கழிவையும் குப்பையையும் பொறுக்கும். விராலடிப்பான் உயிருள்ள மீனைத் தவிர வேறொன்றையும் அநேகமாகத் தொடாது. கழியில் மடவை கூட்டமாக மேலே வரும் நேரத்தில் அந்தரத்தில் சிறகடித்து நின்று, காலை முன்னே நீட்டித் தண்ணீரில் விழுந்து, மீனோடு எழும்பும். வெளிவிரலைப் பின்பக்கமாகத் திருப்ப முடியும் என்பதால் முன்னே இரண்டு, பின்னே இரண்டு என்று விரல்கள் மீனைக் கவ்விக்கொள்கின்றன. பாதத்தின் அடியில் முள்முள்ளாக இருக்கும் சொரசொரப்பு, வழுக்கும் மீனையும் நழுவ விடாது.

குடும்பம் நடத்துவதெல்லாம் வடக்கேதான். ஆசியாவில் சைபீரியா, மங்கோலியா வரையிலும் இது கூடு கட்டுகிறது. இமயமலைப் பகுதியிலும் கொஞ்சம் உண்டு. கூட்டை மனிதர்கள் ஆற அமரப் பார்த்துப் பழகியது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும். ஸ்காட்லாந்தில் வேட்டையாலும் முட்டைத் திருட்டாலும் அற்றுப்போயிருந்த இந்தப் பறவை, 1954-இல் லாக் கார்ட்டன் என்ற ஏரிக்கரைப் பைன் காட்டுக்குத் திரும்பி வந்தது. 1958-இல் ஒரு ராத்திரி, காவல் இருக்கும்போதே ஒருவன் மரமேறி முட்டைகளை எடுத்துவிட்டு, பூட்ஸ் பாலிஷ் தடவிய கோழிமுட்டைகளைக் கூட்டில் வைத்துவிட்டுப் போனான். மறு ஆண்டு, காவல் பொறுப்பிலிருந்த ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் யாரும் எதிர்பார்க்காத காரியம் செய்தார். கூட்டை ஒளித்துவைக்காமல், தொலைவில் மறைவிடம் கட்டித் தொலைநோக்கி வைத்து, வந்து பாருங்கள் என்று பொதுமக்களுக்கு அறிவித்தார். 1959-இல் ஏறத்தாழ 14,000 பேர் வந்தார்கள். அந்த ஆண்டு மூன்று குஞ்சுகள் வளர்ந்து பறந்தன. ஒரு கூட்டுக்கு இத்தனை கண் காவல் கிடைத்தது பறவைப் பாதுகாப்பில் புது வழி. இப்போது பல நாடுகளில் கூட்டின் மேலேயே கேமரா வைத்திருக்கிறார்கள். டோல்கேட்டில் வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே கைபேசியில் பார்த்துவிடலாம்.

கூடு, உயர்ந்த மரத்தின் உச்சியில், பெரும்பாலும் பட்டுப்போன மரத்தில், நாலா பக்கமும் திறந்திருக்கும். கோபுரமோ, மனிதர்கள் நட்டுவைத்த மேடையோ இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும். போன வருஷத்துக் கூட்டையே வருஷாவருஷம் புதுப்பித்து உயர்த்திக்கொண்டு போவதால், பழைய கூடுகளில் ஓர் ஆள் தாராளமாக உட்காரலாம். ஆண் பறவை மீனைக் காலில் தொங்கவிட்டபடி வானத்தில் மேலும் கீழுமாகப் பறந்து கத்தி, பெண்ணைக் கூட்டுக்கு அழைக்கிறது. அதன் பிறகு மீன் பிடித்துத் தருவது ஆணின் வேலை. பெண் அநேகமாக வேட்டைக்கே போவதில்லை.

கூடு கட்டும் பொருளில் நம் ஊர்ப் பருந்துக்கும் இதற்கும் ஓர் ஒற்றுமை உண்டு. தை, மாசியில் வடசென்னையில் உயரமான விளக்குத் தூணையோ பெரிய மரத்தையோ அண்ணாந்து பார்த்தால் கள்ளப்பருந்தின் கூட்டில் சுள்ளியோடு துணிக்கந்தலும் பிளாஸ்டிக்கும் கம்பியும் தொங்குவது தெரியும். மீன்பிடித் துறைமுகத்துப் பக்கமென்றால் அறுந்த நைலான் வலையின் நீலக் கயிறும் இருக்கும். ஸ்பெயினில் பருந்துக் கூடுகளை ஆராய்ந்தவர்கள், வெள்ளைப் பிளாஸ்டிக்கை நிறைய வைக்கும் ஜோடியே பலசாலி என்றும், மற்றப் பருந்துகளுக்கு அது எச்சரிக்கை என்றும் 2011-இல் எழுதினார்கள். விராலடிப்பானும் வயலில் கிடக்கும் கட்டுக்கயிற்றைப் பொறுக்கிப் போய்க் கூட்டில் மெத்தையாகப் போடுகிறது. அந்தக் கயிறு குஞ்சின் காலில் சுற்றி இறுகிப் பல குஞ்சுகள் செத்திருக்கின்றன. கேமராவில் பார்த்துவிட்டு ஏணி போட்டு ஏறி அறுத்துவிட்டதும் உண்டு.

முட்டை இரண்டிலிருந்து நான்கு, மூன்றுதான் சாதாரணம். வெளிர்நிறத்தில் செம்பழுப்புப் புள்ளிகள். ஒன்றிரண்டு நாள் இடைவெளி விட்டு இடுகிறது, முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கிறது. ஏறக்குறைய 37 நாள். ராத்திரிக் காவல் முழுக்கப் பெண்ணுடையது. ஆண் மீன் கொண்டுவந்து கொடுத்ததும், பெண் அதைப் பக்கத்து மரத்துக்கு எடுத்துப் போய்த் தின்றுவிட்டு வரும் நேரத்துக்கு மட்டும் முட்டைமேல் ஆண் உட்காரும். முட்டையிட்ட வரிசையிலேயே குஞ்சுகளும் பொரிவதால், கூட்டில் அண்ணன், தம்பி, கடைக்குட்டி என்று மூன்று அளவில் குஞ்சுகள் கிடக்கும்.

இந்தக் கட்டத்தில்தான் பார்க்கிறவர்கள் கேமராவை விட்டு நகர மாட்டார்கள். ஆண் ஏரியில் மீனைப் பிடித்ததும் பெரும்பாலும் நேராகக் கூட்டுக்கு வருவதில்லை. ஒரு கிளையில் இறங்கித் தலையை முதலில் தின்கிறது. மிச்சம்தான் வீட்டுக்கு. கூட்டு விளிம்பில் இறங்கிய நொடியில் பெண் அந்த மீனைப் பிடுங்கிக்கொள்ளும். ஆண் நின்று பார்க்கக்கூட அதிக நேரம் கிடைப்பதில்லை. அடுத்து நடப்பதுதான் அற்புதம். பெரிய மீன்களைக் கிழிக்கும் அந்த வளைந்த அலகு, நகத்தளவு மீன்சதையை நுனியில் பிய்த்து, தலையைச் சாய்த்து, ஆடிக்கொண்டு வாயைப் பிளக்கும் குஞ்சின் வாயருகே அசையாமல் நிற்கும். குஞ்சு குறி தவறி அலகைக் கொத்தினாலும் தாய் இழுத்துக்கொள்வதில்லை. கீழே விழுந்த துண்டை எடுத்து மறுபடி நீட்டும். வெயில் ஏறினால் இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்தபடியே நின்றுவிடும். கழுகோ வேறு எதிரியோ தலைக்குமேல் வந்தால் தாய் ஒரு குரல் கொடுக்கிறது. மூன்று குஞ்சும் தட்டையாகக் கூட்டோடு ஒட்டிப் படுத்துவிடுகின்றன. முதுகில் ஓடும் வெளிர்க்கோட்டால், சுள்ளிகளுக்கு நடுவே குஞ்சு எது குச்சி எது என்று கேமராவிலும் தெரிவதில்லை.

60 கிராம்கூடத் தேறாத குஞ்சு ஒரு மாதத்தில் ஒரு கிலோவைத் தாண்டுகிறது என்றால், தகப்பன் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏரிக்குப் போய்வந்திருக்க வேண்டும்! மழையும் காற்றுமாக இருந்து நீர் கலங்கிவிட்டால் மீன் கண்ணுக்குத் தெரியாது, கூட்டில் பசி. அப்போது மூத்தது தம்பியைக் கொத்தி அடக்கி முதலில் தின்கிறது. மீன் மறுபடி வரத்தொடங்கினால் சண்டை ஓயும். வராவிட்டால் கடைக்குட்டி பிழைப்பதில்லை. தாய் இதில் தலையிடாது. கேமராவில் பார்க்கும் ஜனங்கள், யாராவது ஒரு மீனைக் கூட்டில் போடக்கூடாதா என்று மனம் பதறுகிறார்கள். நேயர்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

எட்டு வாரம் ஆகும்போது குஞ்சு கூட்டுக்கு மேலே சிறகடித்து எழும்பிப் பார்த்து, ஒரு நாள் பறந்துவிடுகிறது. பறந்த பிறகும் சாப்பாடு கூட்டில்தான். தகப்பன் சில வாரம் மீன் கொண்டுவந்து போடுகிறது. முதலில் கிளம்புவது தாய். குஞ்சுகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் போன பிறகே தகப்பன் புறப்படும். யாரும் யாரோடும் சேர்ந்து போவதில்லை. வழி காட்ட ஆளில்லாமல், மீன் பிடிக்கவே அப்போதுதான் பழகிய குஞ்சு, பல்லாயிரம் கிலோமீட்டரைத் தனியாகக் கடக்கிறது. முதல் வருஷத்திலேயே பாதிக்கு மேல் மடிந்துபோவதில் ஆச்சரியமில்லை.

அக்டோபரில் எண்ணூரில் அமரும் பறவையின் முதுகு இறகுகளின் ஓரத்தில் வெளிர்நிறக் கரை இருந்து, கண்ணும் மஞ்சளாக இல்லாமல் ஆரஞ்சு நிறமாக இருந்தால், அது அந்த வருஷத்துக் குஞ்சு. அடுத்த கோடையில் அது வடக்கே போகாது. பெரியவை கிளம்பிய பிறகு, மே, ஜூன் வெயிலிலும் கழிமுகத்தில் ஒரு விராலடிப்பான் கண்ணில் பட்டால் அநேகமாக அது ஊருக்குத் திரும்பாத இளசுதான். ஆகவே எண்ணூர்க் கழி அதற்கு வெறும் குளிர்காலச் சத்திரமல்ல; மீன் பிடிக்கத் தேர்வது இந்தத் தண்ணீரில்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலிப் பக்கத்து எண்ணெய் கழியில் பரவியபோது கூழைக்கடாக்களின் இறகில் கறை படிந்த படங்களை எல்லோரும் பார்த்தார்கள். தண்ணீரில் விழுந்து எழும்பித்தான் சாப்பிட வேண்டிய பறவைக்கு அந்தப் படலத்திலிருந்து தப்ப வழியில்லை.

இரண்டு, மூன்று வயதில் இளம் பறவை வடக்கே திரும்புகிறது. ஆண் பெரும்பாலும் தான் பிறந்த வட்டாரத்திலேயே கூட்டுக்கு இடம் தேடும். பெண் சற்றுத் தள்ளிப் போய்க் குடியேறும். குளிர்காலத்தில் அவை இங்கே வந்திருக்கும்போது, கழிநீர் தெளிவாக இருக்கும் நாளில், காலையில் முகத்துவாரத்துப் பாலத்தின் மேலிருந்து பார்க்கலாம். மடவை துள்ளும் இடத்துக்கு மேலே கண்ணை வைத்தால் போதும். வரும் சீசனில் நேயர்களில் சிலருக்காவது அந்தக் காட்சி கிடைக்கட்டும்.