ஃபேரி குயினுக்கு இனி நெருப்பு வேண்டாம்

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் கிட்சன், தாம்சன் அண்ட் ஹெவிட்சன் என்ற நிறுவனம் 1855-ஆம் ஆண்டு கிழக்கிந்திய ரயில்வேக்காகச் செய்து, கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பிய நீராவி எஞ்சின்களில் இரண்டு இன்றும் நம்மிடம் இருக்கின்றன. ஒன்றின் எண் 21, பெயர் எக்ஸ்பிரஸ். இன்னொன்றின் எண் 22. அதற்குப் பின்னாளில் வந்த பெயர்தான் ஃபேரி குயின். தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பியது 1856 ஜூலை 1-ஆம் தேதி. அந்த ரயிலுக்கும் மூத்தவை இந்த இரண்டும். பல்லாண்டுகள் காட்சிப்பொருளாக நின்ற இவற்றை மறுபடி ஓடவைத்த பெருமை சென்னை பெரம்பூர் லோகோ பணிமனையைச் சேரும். அந்தப் பெருமையைக் கொஞ்சமும் குறைக்காமல் ஒரு கேள்வியை உங்கள்முன் வைக்கிறேன். இந்த எஞ்சின்களை இன்னும் ஓட்டலாமா, அல்லது நெருப்பை அணைத்துவிட்டு அருங்காட்சியகத்தில் வைத்துக் காப்பாற்ற வேண்டுமா? ஃபேரி குயினைப் பொறுத்தவரை என் முடிவு தெளிவானது. அதை இனி ஓட்டக் கூடாது.

முதலில் அது கடந்துவந்த பாதையைச் சொல்லிவிடுகிறேன். ஹௌராவுக்கும் ராணிகஞ்சுக்கும் இடையே சிறிய அஞ்சல் ரயில்களை இழுத்தது. 1857 கிளர்ச்சியின்போது ராணிகஞ்சுக்குப் படைகளைச் சுமந்தது. பிறகு பீகாரில் புதிய பாதை போடும் வேலைகளுக்குப் போய், 1909 வாக்கில் ஓய்வுபெற்றது. ஹௌரா நிலையத்துக்கு வெளியே ஒரு மேடையில் நெடுங்காலம் நின்றது. 1943-இல் உத்தரப் பிரதேசத்தின் சந்தௌசியில் உள்ள ரயில்வே பயிற்சிப் பள்ளிக்குப் போனது. அங்கிருந்து டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்கு வந்தது. 1997-இல் டெல்லியிலிருந்து ராஜஸ்தானின் அல்வார் வரை சுற்றுலா ரயிலை இழுத்தது. உலகில் வழக்கமான ஓட்டத்தில் உள்ள மிகப் பழைய நீராவி எஞ்சின் என்று 1998-இல் கின்னஸ் புத்தகம் அதை ஏற்றுக்கொண்டது. நடுவில் ஒரே ஜோடி பெரிய சக்கரம், அதன் உயரம் 6 அடி, மொத்த எடை 26 டன். இவ்வளவு எளிய உடம்பை வைத்துக்கொண்டு 142 வயதில் டெல்லியிலிருந்து அல்வார் வரை ஓடியது என்றால், அதைச் செய்த கைகளையும் அதற்கு மறுபடி உயிர் கொடுத்த கைகளையும் மனமாரப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் ஓட்டம் என்பது எஞ்சினுக்கு என்ன செய்கிறது என்று கவனிக்க வேண்டும். நீராவி எஞ்சினின் உயிர் கொதிகலனில் இருக்கிறது. ஒருபக்கம் ஆயிரம் டிகிரியைத் தாண்டும் தீ, ஒரு தகட்டுக்கு அந்தப்பக்கம் அழுத்தத்தில் கொதிக்கும் தண்ணீர். நெருப்பு மூட்டும்போதெல்லாம் தகடுகள் விரிகின்றன, அணைக்கும்போதெல்லாம் சுருங்குகின்றன. எல்லாப் பகுதியும் ஒரே அளவில் விரிவதில்லை என்பதால் மூலைகளிலும், தகடுகளைத் தாங்கும் கம்பிகளிலும், ரிவெட் துளைகளின் ஓரத்திலும் வெடிப்பு விழுகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் உள்ளே குழிகுழியாக அரிக்கிறது. நிலக்கரிச் சாம்பலில் உள்ள கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி வெளியிலிருந்து தின்கிறது. பிஸ்டன் வளையம், பேரிங், சக்கரப் பட்டை எல்லாம் தேய்வதற்கென்றே உள்ளவை. தேய்ந்ததை மாற்றாமல் ஓட்டவும் முடியாது. அழுத்தம் நிறைந்த கொதிகலன் வெடித்தால் பக்கத்தில் நிற்பவர் பிழைப்பது கடினம். எனவே இந்தத் தகடு மெலிந்துவிட்டது, மாற்று என்று பாதுகாப்புப் பொறியாளர் சொன்னால் அதை மறுக்க யாருக்கும் உரிமையில்லை, மறுக்கவும் கூடாது. சிக்கலே இதில்தான் இருக்கிறது. ஓடும் எஞ்சின் பாதுகாப்பு விதிக்குக் கட்டுப்பட்டது. அந்த விதி சரியாக நிறைவேற நிறைவேற, 1855-இன் இரும்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். யாரும் தவறு செய்யாமலேயே அசல் காணாமல் போகும்.

பழைய இரும்பில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது. ஹென்றி பெஸ்ஸமர் எஃகை மலிவாகச் செய்யும் வழிக்குக் காப்புரிமை பெற்றது 1856-இல். அதற்கு முந்திய ஆண்டில் பிறந்த எஞ்சின் இது. உலையில் கம்பியால் கிண்டிக் கிண்டி, அடித்துத் துவைத்துச் செய்த இரும்பின் காலம். அந்த இரும்பின் இழை, சுத்தியல் விழுந்த தடம், ரிவெட்டுகளுக்கு விட்ட இடைவெளி எல்லாமே அன்றைய தொழிலாளிக்கு என்ன தெரிந்திருந்தது என்பதற்குச் சாட்சி. அவை வரைபடத்தில் இல்லை. லீட்ஸ் தொழிலாளியின் தடம் மட்டுமல்ல, நம்மவர் தடமும் அதில் இருக்க வேண்டும். கிழக்கிந்திய ரயில்வே 1862-இல் பீகாரின் ஜமால்பூரில் பெரிய பணிமனை தொடங்கியது. இப்படிப்பட்ட பணிமனைகளில் வேலைசெய்த இந்திய ஃபிட்டர்களும் கொல்லர்களும் தங்கள் பெயரை எங்கும் எழுதிவைக்கவில்லை. அவர்கள் வைத்த ஒட்டு, மாற்றிய ஆணி, நிமிர்த்திய தகடு ஆகியவைதான் அவர்களுடைய ஏடு. நம் ஊர்க் கோயில்களில் திருப்பணி என்ற நல்ல எண்ணத்தோடு மணலைப் பீய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்தபோது கல்வெட்டு எழுத்துகள் தேய்ந்துபோனதை நாம் பார்த்திருக்கிறோம். கோயில் பளிச்சென்று ஆனது, ஆயிரம் ஆண்டுச் செய்தி போனது. ஓடுவதற்காகப் பழைய எஞ்சினைப் பிரித்துப் பூட்டும்போதும் அதே ஆபத்துதான் நிற்கிறது.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. எஞ்சின் பணியில் இருந்த காலத்திலேயே கொதிகலனையும் குழாய்களையும் மாற்றியிருப்பார்கள், அப்படியிருக்க எது அசல் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 50 ஆண்டுகளுக்கும் மேல் உழைத்த எஞ்சினில் பிறந்தபோது இருந்ததெல்லாம் அப்படியே இருக்க வாய்ப்பில்லை. ஆனால் 1880-இல் ஒரு பணிமனை மாற்றிய பாகம் அந்த எஞ்சினுடைய உழைப்பின் வரலாறு. இன்று நாம் மாற்றும் பாகம் நம் ஆசையின் வரலாறு. முன்னதைப் பிடுங்கிப் பின்னதை வைத்தால் கணக்கு சமமாகாது. 2011-இல் ஃபேரி குயினின் பல பாகங்கள் திருட்டுப்போய், பெரம்பூரில் அவற்றைச் செய்து பொருத்தி, அடுத்த ஆண்டு இறுதியில்தான் மறுபடி ஓட்ட முடிந்தது. பணிமனையின் திறமை அதில் தெரிகிறது. கூடவே, இன்னும் மிஞ்சியிருப்பது எவ்வளவு என்ற கவலையும் வருகிறது. ஏற்கெனவே குறைந்துவிட்டது என்பது மேலும் குறைப்பதற்குக் காரணம் ஆகாது.

நிற்கும் எஞ்சின் வெறும் இரும்பு, ஓடினால்தான் அது எஞ்சின் என்பது அடுத்த வாதம். இதில் உண்மை இருக்கிறது. நீராவியின் சீறலும், சூடான எண்ணெயின் மணமும், காலுக்கடியில் தரை அதிர்வதும் கண்ணாடிக்குப் பின்னால் கிடைக்காது. அந்த அனுபவம் மக்களுக்கு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதைத் தருவதற்கு இருப்பதிலேயே மிகப் பழையதுதான் வேண்டுமா? பிரிட்டனில் ஸ்டீவன்சனின் ராக்கெட் எஞ்சின், 1829-இல் செய்தது, அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஓடிக் காட்டுவதற்கு 1979-இல் அதேபோல் ஒன்றைப் புதிதாகச் செய்தார்கள். மக்கள் முன் புகைவிட்டு ஓடுவது அது. அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிறுவனத்திடம் உள்ள ஜான் புல் 1831-இல் செய்த எஞ்சின். அதன் உடம்பைச் சேதமில்லாத முறைகளால் சோதித்து, 150-ஆவது ஆண்டுக்காக 1981 செப்டம்பரில் வாஷிங்டனில் ஓட்டினார்கள். அதன்பின் அது அருங்காட்சியகத்தில் ஓய்வில் இருக்கிறது. தேவையான அறிவு கிடைத்ததும் நிறுத்திக்கொண்டார்கள். டெல்லி–அல்வார் ஓட்டங்களில் ஃபேரி குயின் தன்னால் முடியும் என்று காட்டிவிட்டது. இனி அது எதை நிரூபிக்க வேண்டும்?

ஓட்டாவிட்டால் கைத்தொழில் செத்துவிடும் என்ற கவலையை நான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக மதிக்கிறேன். கொதிகலனைத் தட்டிப் பார்த்துச் சத்தத்தை வைத்தே தளர்ந்த கம்பியைக் கண்டுபிடிப்பது, நெருப்பைச் சமமாகப் பரப்புவது, ஏற்றத்தில் எப்போது நீராவியைத் திறப்பது போன்றவை புத்தகத்தில் படித்து வருவதில்லை. இந்த அறிவைக் காப்பாற்ற எஞ்சின்கள் ஓடத்தான் வேண்டும். எந்த எஞ்சின்கள் என்பதற்கு விடை நம் நாட்டிலேயே இருக்கிறது. டபிள்யூ.பி. வகை எஞ்சின்கள் 755 செய்யப்பட்டன, டபிள்யூ.ஜி. வகை 2,450. இந்த வகைகளைச் சேர்ந்த சில எஞ்சின்கள் ஹரியானாவின் ரேவாரி நீராவி ஷெட்டில் ஓடும் நிலையில் பராமரிக்கப்படுகின்றன. அக்பர் என்று பெயரிட்ட டபிள்யூ.பி. எஞ்சின் சினிமாக்களில்கூட வந்திருக்கிறது. அவற்றில் ஒன்றின் கொதிகலனை மாற்றினால் வரலாறு ஒரே சாட்சியை இழந்துவிடாது. அதைவிடச் சிறந்த விடை திருச்சியில் இருக்கிறது. நீலகிரி மலை ரயிலுக்காக, சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்த பழைய எக்ஸ் வகை எஞ்சின்களைப் பார்த்து, எண்ணெயில் எரியும் நான்கு புதிய எஞ்சின்களைப் பொன்மலைப் பணிமனை 2011 முதல் 2014 வரை செய்து கொடுத்தது. நிலக்கரியில் ஓடுவதையும் பிறகு செய்தது. பன்னிரண்டடிக்கு ஓரடி ஏறும் பாதையில், பல்சக்கரத்தால் பல்தண்டவாளத்தைக் கடித்துக்கொண்டு குன்னூருக்கு ஏறும் எஞ்சின் அது. இந்த நூற்றாண்டில் முழு நீராவி எஞ்சினைப் புதிதாகப் பெற்றெடுத்த பணிமனை உலகத்தில் எத்தனை இருக்கும்! பழையதை ஒட்டுப்போடுவதைவிடப் புதியதைச் செய்வதில்தான் வார்ப்பு, கொதிகலன் கட்டுதல், கடைசல் என எல்லாக் கைத்தொழிலும் முழுதாக வேலை செய்கின்றன. பொன்மலைக்கு இன்னும் ஆர்டர் கொடுங்கள். 1855-இன் வரைபடப்படி அகலப்பாதைக்கு ஒரு புதிய ஃபேரி குயினைச் செய்யச் சொல்லுங்கள். சுற்றுலாப் பயணிகளும் அதில் மகிழ்ச்சியாகப் போவார்கள்.

நிறுத்தி வைத்தால் துருப்பிடித்து அழியும் என்பதும் கண்ணால் காணும் உண்மை. நிலையங்களுக்கும் ரயில்வே அலுவலகங்களுக்கும் முன்னால் மேடைபோட்டு நிறுத்திய எஞ்சின்களைப் பாருங்கள். வெயில், மழை, கடலோரமானால் உப்புக்காற்று. விழா வரும்போது மேலே பளபளக்க ஒரு பெயின்ட். உள்ளே தண்ணீர் தேங்கி அரித்துக்கொண்டிருக்கும். இது கைவிடுதல். காட்சிக்கு வைத்துக் காப்பது வேறு வேலை. கூரை, ஈரப்பதத்தின் கட்டுப்பாடு, ஆண்டுதோறும் தகட்டின் கனத்தை அளந்து பதிவுசெய்தல், எண்ணெய்ப் பூச்சு, பயிற்சிபெற்ற ஆள் எல்லாம் அதற்கு வேண்டும். காட்சியை உயிருள்ளதாக ஆக்கவும் வழி இருக்கிறது. பிரிட்டனின் யார்க் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் எல்லர்மன் லைன்ஸ் என்ற எஞ்சினைப் பக்கவாட்டில் அறுத்து, நெருப்பு எங்கே, நீர் எங்கே, ஆவி எப்படிப் பிஸ்டனைத் தள்ளுகிறது என்று குழந்தைக்கும் விளங்கும்படி திறந்து வைத்திருக்கிறார்கள். அந்த வகையில் பதினொன்று பிழைத்திருந்ததால் ஒன்றை அறுக்க முடிந்தது. எதை அறுக்கலாம், எதை ஓட்டலாம், எதைத் தொடக் கூடாது என்பதை எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்ற எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது.

செலவைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. பிரிட்டனின் ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் எஞ்சினை 2016-இல் மறுபடி ஓடவைக்கச் சுமார் 42 லட்சம் பவுண்டு செலவானது. அதை வாங்கிய 23 லட்சம் பவுண்டு விலையைவிட இது அதிகம். அதற்குப் பிறகும் அந்த நாட்டு வழக்கப்படி பத்தாண்டுகளுக்கு ஒருமுறை கொதிகலனைப் பிரித்தாக வேண்டும்.

அப்படியானால் 21-ஆம் எண்? அதுவும் 1855-தானே என்று நீங்கள் கேட்பீர்கள். 2010-இல் பெரம்பூரில் அதைப் புதுப்பித்தபோது பல பாகங்கள் புதிதாகச் செய்யப்பட்டன. இன்றைய பாதைக்குத் தேவையான பிரேக்குகளும் சேர்ந்தன. எழும்பூரிலிருந்து கோடம்பாக்கத்துக்கும், எர்ணாகுளத்திலும் அது ஓடியதை ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள். பெரும்பகுதி மாறிவிட்ட அதை, புதிய எஞ்சின் ஒன்று தயாராகும்வரை ஆண்டுக்கு ஓரிரு முறை, குறைந்த தூரம் ஓட்டுவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை. பாரம்பரிய ரயில்களைப் பற்றி 2005-இல் லாட்வியாவின் ரீகா நகரின் பெயரால் ஐரோப்பிய அமைப்புகள் ஏற்ற சாசனம் வலியுறுத்துவதுபோல, செய்த ஒவ்வொரு மாற்றமும் எழுத்தில் இருக்க வேண்டும். எது பழையது, எது புதியது என்று அடையாளம் தெரிய வேண்டும், கழற்றிய பாகம் பழைய இரும்புக் கடைக்குப் போகக் கூடாது.

இதில் உடனே தொடங்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. இந்த எஞ்சின்களை 1990-களிலும் 2010-இலும் பிரித்துப் பூட்டிய பெரம்பூர்த் தொழிலாளர்களில் பலர் ஓய்வுபெற்றிருப்பார்கள். எந்த ரிவெட்டை அறுத்தோம், எந்தத் தகட்டை அப்படியே விட்டோம், உள்ளே எந்த முத்திரையைக் கண்டோம் என்பது அவர்கள் நினைவில் இருக்கும். ரயில்வேயும் அருங்காட்சியகமும் அவர்களைத் தேடிப்போய், வரைபடத்தை முன்னால் விரித்துவைத்து, பாகம் பாகமாகக் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். குரலைப் பதிவுசெய்து காப்பாற்றுவது வானொலியின் அன்றாட வேலை என்பதால், இந்தப் பொறுப்பில் வானொலியும் பங்கு கேட்கலாம்.