குழாய் ஒலிபெருக்கிக்கு ஏற்ற துணை



சாஆ வட்டாரத் தோட்டங்களில் கோயில் திருவிழா என்றால், கம்பத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியே ஊரைக் கூட்டிவிடும். நாதசுரமும் அறிவிப்பும் மரங்களைத் தாண்டிக் கேட்கும். ஆனால் தவிலின் இடப்பக்கத்தில் குச்சி விழும்போது எழும் கனத்த நாதம் அதில் சரிவர வருவதில்லை. ஆகவே, குழாயை வீட்டில் வைத்துப் பாட்டுக் கேட்க விரும்புவோர், தாழ்ந்த ஒலிக்கென்று தனிப் பெட்டி ஒன்றையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. இரண்டையும் எப்படி இணங்க வைப்பது?

முதலில் காரணத்தைப் பார்ப்போம். ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 345 மீட்டர் செல்கிறது. விநாடிக்கு 400 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் 86 சென்டிமீட்டர். குழாயின் வாய்ச் சுற்றளவு ஏறக்குறைய அந்த அளவு இருந்தால்தான் ஒலி நன்றாக வெளிவரும். அதற்கு 27 சென்டிமீட்டர் அகலமுள்ள வாய் போதும். 40 அதிர்வுக்கோ, வாய் இரண்டே முக்கால் மீட்டர் அகலம் வேண்டும்! அமெரிக்கப் பொறியாளர் பால் கிளிப்ஷ் 1940களில் குழாயைப் பெட்டிக்குள் மடித்து, அறையின் மூலைச் சுவர்களையே அதன் வாயாகப் பயன்படுத்தினார். நமக்கு அவ்வளவு வேண்டாம்; சாதாரணப் பெட்டி போதும்.

கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, வேலைப் பங்கீடு. 500 அதிர்வுக்கு மேல் குழாய், கீழே பெட்டி என்று பிரிக்கலாம். 8 ஓம் குழாய்க்கு 40 மைக்ரோஃபாரட், 16 ஓம் குழாய்க்கு 20 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைத் தொடராக இணைக்க வேண்டும். அது துருவமற்றதாக இருக்கட்டும். இது இல்லாவிட்டால் தாழ்ந்த ஒலி குழாயின் மெல்லிய சவ்வைக் கெடுத்துவிடும். 8 ஓம் பெட்டிக்கு இரண்டரை மில்லிஹென்றி கம்பிச்சுருள் பொருந்தும்.

இரண்டாவது, சத்த அளவு. பலர் பணத்தை இழப்பது இங்கேதான். ஒரே 1 வாட்டில் குழாய் 105 டெசிபலும் பெட்டி 90 டெசிபலும் தருவதாக வைத்துக்கொள்வோம். பெட்டியைக் குழாய்க்கு ஈடாக்க 32 மடங்கு மின்திறன் வேண்டும். அதற்காகப் பெரிய ஆம்ப்ளிபயர் வாங்குவது வீண் செலவு. துள்ளி ஓடும் மாட்டை இழுத்துப் பிடித்தால்தான் வண்டி நேராகப் போகும். மின்தேக்கிக்கும் குழாய்க்கும் இடையே எல்-பேட் என்னும் தணிப்பானை வைத்துக் குழாயைக் குறையுங்கள்.

மூன்றாவது, நேரம். குழாயின் சவ்வு உள்ளே பின்தள்ளியிருப்பதால் அதன் ஒலி சற்றுப் பிந்தி வரும். 500 அதிர்வில் 34 சென்டிமீட்டர் வேறுபாடே ஒன்றையொன்று அழித்துவிடும். பேச்சு ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். மின்சாரத்தை நிறுத்தி, குழாயின் இரு கம்பிகளையும் மாற்றிப் பொருத்தி மீண்டும் கேளுங்கள். குரல் எதில் நிறைவாக இருக்கிறதோ அதுவே சரி. பெட்டியை முன்னும் பின்னும் நகர்த்தியும் பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று. வரிசை வீடுகளில் சுவர் இருவருக்கும் பொது. குழாயின் கூர்மையான ஒலியைச் சுவர் ஓரளவு தடுக்கும். தாழ்ந்த ஒலியோ ஊடுருவி, அடுத்த வீட்டுத் தொட்டிலையும் எட்டும். பெட்டியை அந்தச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். அதிகாலையில் வேலைக்குப் போகிறவர் உறங்கும் நேரத்தில் அதை அடக்கிவிடுங்கள்.

தவிலும் நாதசுரமும் ஒன்றையொன்று மூழ்கடிக்காமல் கேட்டால், இணைப்பு சரியாயிற்று என்று அறியலாம்.