சிவக்காத முகத்திலும் பாயும் குருதி



முகத்தோலின் குருதியோட்டத்தையும் வெப்பத்தையும் நரம்பு மண்டலம் எப்படி ஆள்கிறது என்பதே நம் கருத்தரங்கின் பொருள். படிக்கப்படவிருக்கும் கட்டுரைகளை நான் முன்கூட்டியே சுருக்கிச் சொல்லப் போவதில்லை. ஒன்றே ஒன்றை உங்கள் முன் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இத்துறையின் அறிவு பெரும்பாலும் வெளிறிய தோலில் தெரியும் சிவப்பைப் பார்த்துப் பார்த்து எழுதப்பட்டது. நம் புறநோயாளிப் பிரிவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மாநிறத்தவர், கருநிறத்தவர். அவர்கள் முகத்திலும் அதே குருதிதான் பாய்கிறது, அதே அளவு தோல் சூடேறுகிறது. நிறம் மட்டும் அதைக் காட்டிக்கொடுப்பதில்லை. ஆகவே முகத்தின் வெப்பத்தைப் படிக்க நாம் பழகியாக வேண்டும்.

இது புதிதாகக் கிளம்பிய கேள்வியன்று. நாணத்தால் முகம் சிவப்பதைப் பற்றி 1839-இல் தாமஸ் பர்ஜெஸ் என்ற மருத்துவர் ஒரு நூல் எழுதினார். அதில், முகத்தில் தழும்பு கொண்ட ஒரு கறுப்பினப் பெண்ணைக் குறிப்பிடுகிறார். திடீரென்று யாரேனும் பேச்சுக் கொடுத்தால் அந்தத் தழும்பு மட்டும் சிவந்துவிடுமாம். நிறமியை இழந்த சிறு இடம் ஒன்று, முகம் முழுவதும் நடப்பதை வெளியே சொல்லிவிட்டது. 1872-இல் வெளிவந்த தம் நூலில் முகம் சிவப்பதற்கென்றே ஓர் இயலை ஒதுக்கிய டார்வினும் இந்தக் குறிப்பை எடுத்தாண்டார். இருந்தும் பின்னால் வந்த பாடநூல்கள் வெளிறிய கன்னத்தையே படமாகப் போட்டுக்கொண்டு வந்தன.

நரம்பின் பங்கு முதன்முதலில் துலங்கியது முயலின் காதில். 1851-இல் பாரிசில் கிளாட் பெர்னார், முயலின் கழுத்திலுள்ள பரிவு நரம்பை ஒரு பக்கம் மட்டும் வெட்டினார். அந்தப் பக்கம் குளிரும் என்று எதிர்பார்த்தார். நடந்தது நேர்மாறு: காதின் குழாய்கள் விரிந்தன, தொட்டாலே தெரியும் அளவுக்குச் சூடு ஏறியது. அடுத்த ஆண்டே பிரவுன்-செக்கார், வெட்டிய நரம்பின் மேல்முனையை மின்சாரத்தால் தூண்டிக் குழாய்களைச் சுருங்க வைத்தார். காது மீண்டும் குளிர்ந்தது. பரிவு நரம்பு குழாயைச் சுருக்கும், அதை வெட்டினால் குழாய் விரியும் என்ற பாடம் அன்றே நிலைபெற்றது.

மனித முகத்துக்கு அந்தப் பாடம் பாதிதான் பொருந்தும். நம் காது, மூக்கு நுனி, உதடு ஆகிய இடங்களில் தமனிக்கும் சிரைக்கும் இடையே நேரடி இணைப்புகள் நிறைய உண்டு. பரிவு நரம்பு அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கும். பிடி தளர்ந்தால் குருதி பெருகும். நெற்றியும் கன்னமும் வேறு வகை. அங்கே சுருக்கும் நரம்பின் பிடி வலுவற்றது. உடல் சூடேறும்போது அதே பரிவு நரம்பின் வேறு இழைகள் குழாய்களை முனைந்து விரிக்கின்றன. ஃபாக்ஸ், கோல்ட்ஸ்மித், கிட் ஆகியோர் 1962-இல் தலையின் பகுதிகளைத் தனித்தனியே அளந்து இந்த வேற்றுமையைக் காட்டினார்கள். எனவே மனிதரில் இந்த நரம்பு அறுந்தால் இரண்டு விதமான விளைவு உண்டு. தொடக்கத்தில், ஓய்வாக இருக்கையில், அறுந்த பக்கம் சற்றுச் சூடாக இருக்கலாம். வெயிலில் நடந்தாலோ உடற்பயிற்சி செய்தாலோ அதே பக்கம் சூடேறாமல் பின்தங்கும். ஒரே நரம்பு, ஒரே வெட்டு. எந்த நிலையில் அளக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை தலைகீழாகிறது. அளந்த நேரத்தில் நோயாளியின் உடல்நிலையும் அறையின் வெப்பமும் எப்படி இருந்தன என்று எழுதாத கட்டுரை என் கணக்கில் அளவையே தராத கட்டுரை.

1988-இல் லான்ஸ், டிரமண்ட் முதலியோர் விவரித்த ஹார்லிக்வின் நோய்க்குறியில் இது கண்கூடு. உழைத்து உடல் சூடாகும்போது முகத்தின் ஒரு பாதி சிவந்து வியர்க்கும், நடுக்கோட்டோடு நின்றுவிடும். நோயாளி முறையிடுவது சிவந்த பாதியைப் பற்றித்தான். பழுது இருப்பதோ பெரும்பாலும் வெளிறிக் காய்ந்து கிடக்கும் பாதியில். கண்மணிக்கான இழைகள் முக்கியமாக முதல் மார்புத் தண்டுவட மட்டத்திலிருந்தும், முகத்தோலுக்கானவை அதற்குச் சற்றுக் கீழிருந்தும் புறப்படுவதால் கண் பல நேரம் தப்பிவிடுகிறது.

கருத்த முகத்தில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? நோயாளியை வேகமாகப் படியேறி இறங்கச் சொல்லுங்கள். பிறகு நெற்றியின் இரு பாதிகளிலும் கன்னங்களிலும் புறங்கையை மாற்றி மாற்றி வையுங்கள். ஒரு பக்கம் ஈரமும் வெம்மையும் இருக்கும். புருவ நடுவைத் தாண்டியதும் தோல் உலர்ந்திருக்கும், விரல் தடையின்றி வழுக்கிச் செல்லும். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். இந்த நரம்பின் பாதை நுரையீரலின் உச்சியை ஒட்டிச் சென்று, கழுத்தில் கரோடிட் தமனியைப் பற்றிக்கொண்டு மேலேறுகிறது. நுரையீரல் உச்சியில் கட்டியோ தமனிச் சுவரில் கிழிசலோ இருந்தால் முதல் அறிகுறி முகத்திலேயே தோன்றலாம். சிவப்பு தெரியவில்லை என்று அனுப்பிவிட்டால் இழப்பு நோயாளிக்கு.

முகத்தின் குருதியோட்டத்துக்கு வேறு வழிகளும் உண்டு; சுருக்கமாகச் சொல்கிறேன். எதிர்ப்பரிவு இழைகள் உதட்டுக்கும் வாய்க்கும் குருதி கூட்டுகின்றன. கன்னச் சுரப்பி அறுவைக்குப் பின் அவை வழிதவறி வளர்ந்தால், சாப்பிடும்போதெல்லாம் கன்னம் சூடாகி வியர்க்கும். 1923-இல் இதைத் துலக்கியவர் போலந்தின் லூசியா ஃப்ரே. வலியைச் சுமக்கும் முக்கிளை நரம்பும் தன் முனைகளில் சிஜிஆர்பி என்ற பொருளைக் கசியவிட்டுக் குழாயை விரிக்கும். ஒற்றைத் தலைவலிக்கு இன்று கிடைக்கும் புதிய மருந்துகள் அந்த அறிவிலிருந்து பிறந்தவை.

தொழுநோயைச் சொல்லாமல் இந்த அவையில் நான் உட்கார முடியாது. அதன் கிருமி உடலின் குளிர்ந்த இடங்களை நாடும். மூக்கு, காதுமடல், புருவம் என்று முகத்தில் அது தங்கும் இடங்கள் வெப்ப வரைபடத்தோடு ஒத்துப்போகின்றன. வேலூரில் பணியாற்றிய பால் பிராண்ட், 1950-களிலேயே நோயின் உருக்குலைவுக்கும் உடலின் வெப்ப வேறுபாட்டுக்கும் உள்ள தொடர்பை எடுத்துச் சொன்னார். தோலின் சிறு நரம்பிழைகள் சிதையும்போது அந்தத் திட்டில் உணர்ச்சியோடு வியர்வையும் போகும். முகத்திலுள்ள ஒரு திட்டு வியர்க்கிறதா, வெயிலுக்குச் சூடேறுகிறதா என்று பார்ப்பது இன்றும் பயன் தரும் சோதனை. இந்தத் திசையில் இளையோர் ஆய்வு தொடங்க வேண்டும் என்பது என் பேராவல்.

கருவிகளைப் பற்றி ஒரு சொல். தோலின் நிறம் எதுவானாலும் அது உமிழும் அகச்சிவப்புக் கதிர் ஏறக்குறைய ஒன்றே என்று ஹார்டி 1934-இலேயே அளந்து காட்டினார். ஆகவே வெப்பப்படக் கருவி எல்லா முகங்களுக்கும் நேர்மையானது. முகக் காணொளியிலிருந்து நாடித்துடிப்பைக் கணிக்கும் முறைகளோ பெரும்பாலும் பச்சை ஒளியை நம்பியவை; மெலனின் அதை மிகுதியாக உறிஞ்சிவிடுகிறது. அத்தகைய கருவியை வாங்குமுன், நம் நிறத் தோலில் அது சரிபார்க்கப்பட்டதா என்று கேளுங்கள்.

கட்டுரையாளர்களுக்கு என் வேண்டுகோள் இது. உங்கள் ஒவ்வொரு படத்தோடும் அறை வெப்பம், நோயாளி ஓய்ந்திருந்த நேரம், தோலின் நிறம், இரு பக்கங்களின் அளவு ஆகியவற்றைச் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லாதவர்களிடம் அவையிலிருப்போர் தயங்காமல் கேளுங்கள். முதல் அமர்வின் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.