பட்டியலின் கடைசி எண்

ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில், 1887 டிசம்பர் 22 அன்று சீனிவாச ராமானுஜன் பிறந்தார். தந்தை கும்பகோணத்தில் ஜவுளிக்கடைக் கணக்கர். ராமானுஜன் ஆராய்ந்த ஓர் எண்ணைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

பனியன் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் பெட்டிக்கு 12 பீஸ் வைப்பதன் வசதி உங்களுக்குத் தெரியும். இரண்டு நிறமோ, மூன்று அளவோ, நான்கு அளவோ, எப்படிப் பிரித்தாலும் மிச்சம் விழாது. 12-ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் 6. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை வகுஎண்கள் கிடையாது. இத்தகைய எண்ணை மிகுபகு எண் என்போம். பட்டன் வாங்கும் குரோஸ், அதாவது 144, இந்த வரிசையில் சேராது. அதற்கு வகுஎண்கள் 15. அதைவிடச் சிறிய 120-க்கோ 16.

1915-இல் லண்டன் கணிதக் கழக இதழில் ராமானுஜன் எழுதிய நீண்ட கட்டுரை இவற்றைப் பற்றியது. அதில் 102 எண்களின் பட்டியல் உண்டு. கடைசி எண் 67,46,32,83,88,800. ஏறத்தாழ ஆறே முக்கால் லட்சம் கோடி. அதைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை வரும். ஒவ்வொரு எண்ணிக்கையோடும் ஒன்று கூட்டிப் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2×2. வகுஎண்கள் 10,080!

அடுக்குகள் ஏன் இப்படி இறங்கியே வருகின்றன? பெரிய பகா எண் ஒன்று சிறியதைவிட அதிக முறை வந்தால், இரண்டின் அடுக்குகளையும் இடம் மாற்றிவிடலாம். வகுஎண்களின் எண்ணிக்கை அப்படியே இருக்கும். எண் மட்டும் சிறுத்துவிடும். ஆகவே முதலில் எடுத்த எண் மிகுபகு எண்ணாக இருக்க முடியாது. இவ்வளவுதான் நிரூபணம். கடைசிப் பகா எண் ஒரே முறைதான் வரும், 4-உம் 36-உம் மட்டுமே விலக்கு என்பதையும் அவர் நிறுவினார்.

ராமானுஜனின் குலதெய்வமான நாமகிரித் தாயார் அவர் கனவில் வந்து கணக்குச் சொன்ன கதையை மேடைதோறும் கேட்கிறோம். அவருடைய பக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் பிள்ளைகளுக்கு அதை மட்டும் சொல்வது அவர் உழைப்புக்குச் செய்யும் அநீதி. இந்தப் பட்டியல் கையால் போட்ட கணக்கு. அதனால்தான் ஓர் எண் விடுபட்டும் போயிற்று: 2,93,31,86,25,600. வகுஎண்கள் 5,040. அதை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண்ணே வரும்! இந்த விடுபடல் அவருடைய தேற்றங்கள் எதையும் அசைக்கவில்லை. அந்தத் தாளின் முன் ஒரு மனிதர் அமர்ந்து பெருக்கிக்கொண்டிருந்தார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்த ஆய்வுக்காகவே 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியது. லண்டன் கணிதக் கழகத்தின் பணமுடையால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறாமல் நின்றது. பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் நிக்கோலாவும் ரொபேனும் 1997-இல்தான் அதைக் குறிப்புகளோடு வெளியிட்டார்கள்.

நம் பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பட்டியலின் தொடக்கத்தை மாணவர்கள் தாங்களே போட்டுப் பார்க்கலாம்: 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120. அடுத்தது எது என்பதிலிருந்து அவர்கள் தொடங்கட்டும்.