சொன்னவர் பெயர்



1995 இடப்பெயர்வில் எங்கள் வீட்டுக் கடதாசிகள் எல்லாம் போயின. பிறகு பெரியம்மாவிடம் கேட்டுக் கேட்டு எழுதிய வம்சாவளியை உறவினருக்காக இணையத்தில் இட்டேன். அவர்களில் ஒருவர் அதைத் தன் பெயரில் புத்தகமாக்கினார். வெளியீட்டு விழாவுக்கு எனக்கும் அழைப்பு வந்தது!

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வெறும் தரவுகளைப் பாதுகாப்பதில்லை. இறந்தவர்களின் திகதிகள் எனக்குச் சொந்தமல்லத்தான். ஆனால் பூட்டனார் இறந்த காரணத்தை நான் ‘மாரடைப்பு?’ என்றே எழுதியிருந்தேன், சொன்னவர் பெரியம்மா. புத்தகத்தில் கேள்விக்குறியும் இல்லை, பெரியம்மாவும் இல்லை.

நோயாளியின் வரலாறு எழுதும்போது, சொன்னவர் தாயா அயலவரா என்று நாங்கள் குறித்து வைப்போம். கனடாவிலுள்ள மச்சாள் இப்போது தன் வைத்தியரிடம் ‘எங்களுக்குப் பரம்பரை இதயநோய்’ என்கிறார். நான் ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசி எடுத்து, அந்தக் கேள்விக்குறியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.