கோழிச் சோளச் சூப்



கல்வியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் சூப்பைப் பற்றிப் பேசப் போகிறேன். கோபிக்க வேண்டாம்.

காலி வீதியில் அப்போது ஒரு சீனக்கடை இருந்தது. தவணைச் சோதனையில் முதலாம் பிள்ளையாய் வந்தால் மட்டும் ஐயா கொட்டாஞ்சேனையிலிருந்து என்னைக் கூட்டிப் போவார். ஒரு சூப், மூன்று கோப்பை. அப்படிக் குடித்தது இரண்டே முறை. இரண்டு முறையும் என் பக்கத்து வாங்குக்காரிக்குச் சோதனை நேரம் காய்ச்சல்!

அம்மா வீட்டில் செய்தால் முட்டை கட்டிபட்டுவிடும். சோளமா இறுகிய பிறகு, அடுப்பை அணைத்து, முட்டையை நூலாக ஊற்றிக் கிளற வேண்டுமாம். அது பிந்தித்தான் தெரிந்தது.

1983 ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தையில் அவளுடைய வீடு எரிந்தது. குடும்பமாகக் கப்பலில் யாழ்ப்பாணம் போய்விட்டார்கள். பள்ளிக்கூடம் திறந்தபோது வாங்கில் நான் மட்டும். அந்தத் தவணை முதலாம் பிள்ளையும் நான்தான். ஐயா சொன்ன சொல் தவறவில்லை, கூட்டிப் போனார். ஆவி பறக்கச் சூப் வந்தது. எனக்கு இறங்கவில்லை. ஐயா ஒன்றும் கேட்கவில்லை.

அவள் இப்போது ரொறன்ரோவில். இந்த மலர் அங்கேயும் போகும் என்கிறார்கள். வாசித்தால், அடுத்த முறை கொழும்புக்கு வரும்போது சொல்லடி. உனக்கு மூன்று சூப் கடன்.