துளையின் உட்சுவர்

1996ஆம் ஆண்டு யூலை மாதம் 6ஆந் திகதி பிற்பகல் 2 மணி 24 நிமிடமளவில், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துப் பென்சகோலா விமான நிலையத்திலே, அத்திலாந்தா நகருக்குச் செல்லவேண்டிய எம்.டி. 88 வகை விமானமொன்று ஓடுபாதையில் ஓடத் தொடங்கியது. அதிலே 137 பிரயாணிகளும் 5 பணியாளரும் இருந்தனர். விமானம் நிலத்தைவிட்டு எழுவதற்கு முன்னரே, இடப்புற எஞ்சினின் முன்விசிறியைத் தாங்கும் குடம் பிளந்தது. சிதறிய துண்டுகள் விமானத்தின் பின்னுடலைத் துளைத்து உட்புகுந்தன. தாயொருத்தியும் அவள் மகனும் உயிரிழந்தனர், வேறிருவர் கடுங்காயமுற்றனர். விமானி ஓட்டத்தை நிறுத்தி, விமானத்தை ஓடுபாதையிலேயே நிற்கச் செய்தார்.

குடம் என்றவுடன் நேயர்கள் வண்டிச் சில்லின் குடத்தை நினைத்துக்கொள்ளலாம். ஆரக்கால்கள் குடத்திலே பொருந்தியிருப்பதுபோல, விசிறியின் அலகுகள் இக்குடத்தின் விளிம்பிலே பொருந்தியிருக்கின்றன. ஆனால், வண்டிச் சில்லு ஒருமுறை சுற்றும் நேரத்தில் இது பலநூறு முறை சுற்றிவிடும். ஒவ்வோர் அலகும் வெளியே பறந்துவிடத் துடிக்கும். அத்தனையையும் இழுத்துப் பிடித்து வைத்திருப்பது குடமேயாகும். ஆதலால் அது வலியதாகவும் இருத்தல்வேண்டும், பாரமற்றதாகவும் இருத்தல்வேண்டும். இவ்விரு குணமும் ஒருங்கே அமைந்த உலோகம் தைத்தேனியம். டைட்டேனியம் என்று பத்திரிகைகளில் வழங்குவதும் இதுவே. நூற்றுக்கு ஆறு பங்கு அலுமினியமும் நான்கு பங்கு வனேடியமுஞ் சேர்த்த கலப்பாகவே இது எஞ்சின்களிற் பெரிதும் பயன்படுகின்றது.

பிளந்த குடத்தைச் சுற்றி, இழுதண்டுகள் நுழைவதற்கென ஏறக்குறைய அரை அங்குல விட்டமும் மூன்று அங்குல ஆழமுங் கொண்ட 24 துளைகள் இருந்தன. அவற்றுள் ஒன்றின் உட்சுவரிலே தோன்றிய வெடிப்பே இத்தனைக்குங் காரணம் என அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 1998ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையிற் கூறியது. அவ்வெடிப்பின் வித்தோ, பல ஆண்டுகளுக்கு முன்னர் அத்துளையைத் துளைத்த அன்றே விழுந்திருந்தது.

ஒரு துளையைத் துளைப்பதில் இத்தனை ஆபத்து இருக்க முடியுமா? உருக்கைத் துளைப்பவனுக்கு இவ்வையம் எழுவது இயல்பே. உருக்கை வெட்டும்போது பிறக்கும் வெப்பத்திற் பெரும்பங்கைச் சீவல் தன்னோடு அள்ளிச் செல்லும். மிகுதியிற் கொஞ்சம் உலோகத்தின் உடலிலே பரவி ஆறிவிடும். தைத்தேனியமோ வெப்பத்தைக் கடத்துவதிற் பெருஞ் சோம்பேறி. சாதாரண உருக்குக் கடத்துவதில் ஏழிலொரு பங்கையே அது கடத்தும். செம்போடு ஒப்பிட்டால் ஐம்பதிலொரு பங்குக்குங் குறைவு. ஆகவே வெப்பம் சீவலோடும் போகாது, உள்ளேயும் பரவாது, கருவியின் முனையிலேயே குவிந்துவிடும். நூற்றுக்கு எண்பது பங்குவரை கருவியைச் சென்றடைகின்றது என்பது பொறியியலார் கணக்கு.

அவ்வாறு சூடேறிய தைத்தேனியத்தின் குணமும் மாறிவிடும். குளிர்ந்த நிலையிலே துருவேறாமற் சாதுவாயிருக்கும் அது, ஏறக்குறைய 500 பாகை சதமத்தைத் தாண்டியபின், காற்றிலுள்ள ஒட்சிசனை ஆவலோடு உறிஞ்சத் தொடங்கும். பாகு அகப்பையில் ஒட்டிக்கொள்வதுபோலக் கருவியின் வாயிலும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது பெயரும்போது கருவியின் கூரையும் பெயர்த்துக்கொண்டு போகும். இவை போதாவென்று, உருக்கைவிட இருமடங்கு வளைந்துகொடுக்கும் இயல்பும் இதற்குண்டு. கருவி அழுத்தும்போது விலகி, அது கடந்துபோனதும் மீண்டுவந்து அதன் முதுகை உராயும். உராய்வினால் மேலும் வெப்பம்!

இதற்கு மருந்து பொறுமையே. கடின உலோகக்கூட்டாலாகிய கருவிகொண்டு சாதாரண உருக்கை நிமிடத்துக்கு 200 மீற்றர் வேகத்திலும் அதற்கு மேலும் வெட்டுவர். தைத்தேனியத்தை 60 மீற்றரளவிலேயே வெட்டுவர். குளிர்ப்புத் திரவத்தை மிகுந்த அழுத்தத்தோடு வெட்டுமிடத்திலேயே பாய்ச்சுவர். கருவி ஓரிடத்தில் நின்று தேய்க்கவிடமாட்டார்கள். நின்றால் வெட்டின்றி வெப்பம் மட்டுமே பிறக்கும். கருவி மழுங்கும்வரை காத்திராமல், மழுங்குமுன்னரே கழற்றி எறிவர். கணக்குப் பார்க்கும் முகாமையாளருக்கு இது வீண்செலவாகத் தோன்றலாம்.

புறப்பரப்பை வெட்டும்போது நடப்பதையாவது கண்ணாற் காணலாம். ஆழமான துளைக்குள்ளே நடப்பதை யாருங் காண்பதில்லை. சீவல்கள் வெளியேற வழியின்றித் துறப்பணத்தின் தவாளிப்பில் அடைபட்டால், குளிர்ப்புத் திரவம் உட்செல்லாது, முனை மழுங்கும், மழுங்கிய முனை வெட்டாது தேய்க்கும். எல்லாஞ் சில கணங்களில் நடந்து முடிந்துவிடும். பென்சகோலாவிற் பிளந்த குடத்தின் துளைச்சுவரை ஆராய்ந்தவர்கள், உலோகத்தின் நுண்ணமைப்பே ஓரிடத்தில் மாறிப்போயிருக்கக் கண்டனர். அவ்விடம் ஒட்சிசனை உறிஞ்சிக் கடினமாகி, நொறுங்குந் தன்மை பெற்றிருந்தது. துறப்பணத்திலிருந்து தேய்ந்துவந்த இரும்பும் அங்கே காணப்பட்டது. துளைத்தபின் அத்துளையைச் சற்றே அகட்டி மெருகிட்டுமிருந்தனர். ஆனால் கேடு அதனிலும் ஆழமாக ஊடுருவியிருந்தது. குடம் தொழிற்சாலைச் சோதனைகளையெல்லாங் கடந்து வெளியே வந்துவிட்டது.

விமானம் ஒருமுறை எழுந்து இறங்கினால், குடம் ஒருமுறை இழுபட்டுத் தளர்கின்றது. இப்படி 20,000 தடவை உழைக்கலாமென அதற்கு ஆயுள் வகுத்திருந்தனர். அதுவோ 13,835 தடவையோடு முடிந்தது. முறியுமுன் அதனைக் கழற்றிப் பரிசோதித்துமிருந்தனர். ஒளிருஞ் சாயமொன்றைப் பூசித் துடைத்து, இருட்டறையிலே ஊதாக் கடந்த கதிரின்கீழ் பார்த்தால், வெடிப்புக்குள் ஊறிய சாயம் கோடாக ஒளிவிடும். அவ்வேளையில் அவ்வெடிப்பு கண்டுபிடிக்கத்தக்க அளவினதாகவே இருந்ததென்றும், சோதனையில் அது தப்பிவிட்டதென்றும் சபை முடிவு செய்தது; விபத்துக்கு முதற்காரணமாகவும் அதனையே குறித்தது. சட்டப்படி அது சரியாயிருக்கலாம். எனினும், பார்க்கத் தவறிய கண்ணைக் குறைகூறுவது எளிது. துளைத்த கையைத் தொடர்ந்துபோய் அது செய்ததைக் கண்டறிவதே அரிது. அவ்வறிக்கையின் பெருமை, இரண்டாவதையுஞ் செய்ததிலேயே இருக்கின்றது.

வெட்டிய பரப்பின் கீழே மறைந்திருக்கும் இந்நிலையைப்பற்றிய அறிவு அன்று புதிதன்று. 1964ஆம் ஆண்டிலேயே மைக்கேல் பீல்ட், ஜோன் காலெஸ் என்னும் அமெரிக்கப் பொறியியலார் இருவர் அதற்குப் 'பரப்பின் செம்மை' என்று பொருள்படும் பெயரைச் சூட்டியிருந்தனர். ஒரே உலோகத்தின் இரு துண்டுகளில் ஒன்றை மென்மையாகவும் மற்றதைக் கடுமையாகவுஞ் சாணையில் அரைத்து, இரண்டையும் ஓயாமல் வளைத்துச் சோதித்தால், இரண்டாவது முன்னையதன் வலிமையில் ஒரு சிறு பங்கையே தாங்கக் காணலாம். அளவுகோலுக்கு இரண்டும் ஒன்றே.

சாணையின் கதை தனியே சொல்லத்தக்கது. எஞ்சினின் முற்பகுதி குளிர்ந்தது. அங்கே தைத்தேனியம் பொருந்தும். எரிவாயு சீறிப்பாயும் பிற்பகுதியிலே நிக்கற் கலப்புலோகங்களே தாக்குப்பிடிக்கும். அவை செந்தணலாகக் காய்ந்தும் வலிமை குன்றாதவை. எஞ்சினுக்கு வரமாகிய அக்குணமே பட்டறைக்குச் சாபம். உருக்கானால் வெட்டுமிடம் சூடேறி இளகிக் கருவிக்கு வழிவிடும். நிக்கற் கலப்போ இளகாது. வெட்டுண்ட பரப்பும் வெட்டுண்டதனாலேயே முன்னிலும் இறுகிவிடும். அடுத்த வெட்டு அவ்விறுகிய தோலைச் சந்திக்கவேண்டும். ஆகவே சுழலியின் அலகடியிலுள்ள, ஊசியிலை மரத்தின் வடிவை ஒத்த பற்களைக் கத்தியால் வெட்டாமற் சாணையாலேயே பெரும்பாலும் உருவாக்குகின்றனர். சாணைக்கல்லை வேகமாக முன்னும் பின்னும் இழுப்பதில்லை. முழு ஆழத்தையும் ஒரேயடியாகக் கொடுத்து, அலகை ஆமைநடையிலே அதன்கீழ் நகர்த்துவர். நுண்டுளைகள் நிறைந்த அச்சாணைக்கல் குளிர்ப்புத் திரவத்தை வெட்டுமிடத்துக்கே சுமந்து செல்லும். கல் மழுங்காதிருக்க, வைரம் பதித்த உருளையொன்று அதனை இடையறாது புதுப்பித்துக்கொண்டேயிருக்கும். திரவம் ஒரு கணந் தவறினாலும் பரப்புக் கருகும். சில வேளைகளில் கருகியது நிறத்திலே தெரியும். சில வேளைகளில் மேலும் ஒருமுறை அரைத்த அரைப்பிலே நிறம் மறைந்து கேடு மட்டும் எஞ்சும்.

பென்சகோலாவுக்குப்பின், துளைகளைப்பற்றிய எண்ணம் மாறிற்று. எஞ்சின் செய்வோரும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிருவாகத்தினருங் கூடி, இத்தகைய சுழலும் உறுப்புக்களை ஆக்கும் முறைபற்றி 2006ஆம் ஆண்டு வழிகாட்டி நூலொன்றை வெளியிட்டனர். 2009ஆம் ஆண்டில் நிருவாகம், துளைச்சுவரிலே துளைத்தலாற் கேடு இருக்கக்கூடுமென்று முன்கூட்டியே கொண்டு ஆயுளைக் கணிக்கும் முறையையும் வகுத்தது. செய்தவன் பிழைவிடமாட்டான் என்ற நம்பிக்கையிற் கணக்குப் போட்ட காலம் அத்தோடு போயிற்று.

இக்காலப் பட்டறையிலே இவ்வகைத் துளையொன்றைத் துளைக்கும்போது, இயந்திரம் இழுக்கும் மின்வலுவையும் குளிர்ப்புத் திரவத்தின் ஓட்டத்தையுங் கருவிகள் கண்காணிக்கின்றன. சீவல் அடைத்தாலும் முனை மழுங்கினாலும் மின்வலு சட்டென உயரும். வரம்பைத் தாண்டினால் இயந்திரம் தானாகவே நின்றுவிடும். அப்படி நின்ற துளையை, விட்டஞ் சரியாயிருக்கின்றது என்பதற்காக அப்படியே போகவிடுவதில்லை. உறுப்பை ஒதுக்கிவைத்து, நடந்தது என்னவென்று ஆராய்ந்த பின்னரே அதனை ஏற்பதா உடைத்தெறிவதா என்று தீர்மானிப்பர்.